பதினோரு வீட்டுச் சுத்த ரத்தம்

சிலமலைப் பக்கம் எங்கள் ஆட்கள் மொத்தமே பதினோரு வீடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதற்குள்ளேயேதான். பன்னிரண்டாவதாக ஒரு வீடு உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். கேட்டால் சுத்த ரத்தம் என்பார்கள். எந்தச் சீமையிலிருந்து, எதற்குப் பயந்து இந்த மலையடிவாரத்துக்கு வந்தோம் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. ரத்தம் சுத்தம் என்பது மட்டும் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இந்தச் சுத்தத்துக்குக் காவல்காரர் என் தாய்மாமா. போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானைக்கூட அவிழ்க்க மாட்டார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள்போல என்று நினைத்துக்கொள்வோம்.

அவர் மகனுக்குத்தான் என் அக்கா என்று அவள் பிறந்தபோதே பேசிவைத்திருந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில், கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் சமயம், அவள் உதட்டோரத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. பவுடர் என்று நினைத்து நான்தான் துடைத்துவிட்டேன். போகவில்லை. மூன்று மாதத்தில் விரல் நுனிகளும் முழங்கையும் வெளுத்தன.

குஷ்டம் என்ற சொல் பதினோரு வீட்டையும் சுற்றி வந்தது. ஏலத்தோட்டத்துக்குப் போனபோது மலைத்தண்ணீர் குடித்தாள், கண்டவர்கள் கையால் சாப்பிட்டாள், அதனால் வந்தது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். மற்றவர்களை மட்டும் சொல்வானேன். அவளைவிட இரண்டு வயது இளையவளான நானும் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

அம்மா அவளைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். விஷயம் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ள மாமாவும் வந்தார். டாக்டர் வெளியூர்க்காரர். அக்காவின் வெள்ளையில் பஞ்சால் தொட்டு, ஊசியால் குத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். இது குஷ்டம் இல்லை, ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

"எங்க வம்சத்துல அப்படி யாருக்கும் கிடையாது," என்றார் மாமா.

அதுவரை அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாத அம்மா, அப்போதும் உயர்த்தவில்லை. "அண்ணே, சட்டையைக் கழட்டி டாக்டருகிட்ட காட்டுங்க," என்றாள்.

மாமா கழற்றவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாதான் சொன்னாள்: அவருக்கு இரண்டு கையும் மார்பும் வெள்ளை, பெரியம்மாவுக்குக் கால், செத்துப்போன சித்தப்பாவுக்கு முதுகு. பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மூடிவைத்துக்கொண்டு, அடுத்த வீட்டை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே மாமா சம்பந்தத்தை முறித்தார். சீக்குக்காரப் பெண் வேண்டாமாம். பெரியம்மாவின் பேத்தியைப் பார்த்து மகனுக்குக் கட்டிவைத்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அது போதும் அவருக்கு.

அக்கா அழுதது ஒரு நாள்தான். வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு, போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் ஏறிப் போனாள். அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த, எங்கள் சாதியில்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மற்றப் பத்து வீடும் எங்களைத் தள்ளிவைத்தன. அதன்பின் எந்தக் கல்யாணத்துக்கும் போய் அவர்கள் பெருமையைக் கேட்க வேண்டியதில்லாமல் போனது. அந்த வம்சம் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

வெகுகாலம் கழித்து என் கழுத்து வீங்கியபோது மதுரையில் ஒரு டாக்டர் விளக்கினார். உடம்பைக் காக்க இருக்கிற அணுக்களே ஆள் தெரியாமல் உடம்பைத் தாக்குமாம். தோலில் நிறம் தருவதை அழித்தால் வெள்ளை. கழுத்துச் சுரப்பியைத் தாக்கினால் எனக்கு வந்தது. வந்தே தீரும் என்றில்லை, ஆனால் அதற்கு இடம்கொடுக்கிற சுபாவம் பரம்பரையில் வரும். நாலு வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டால் அது கூடிக்கொண்டே போகலாம் என்றார். எங்கள் ஆட்கள் காவல் காத்த பொக்கிஷம் இதுதான்.

அதற்கெல்லாம் வெகு முன்னால், ஐம்பதுகள் முடியும் தறுவாயில், மாமா மகன் மெட்டுக்கு மேலே அக்கா வீட்டுக்கு வந்தான். நான் அங்கே விடுமுறைக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு அப்போது பாதி முகம் வெளுத்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவே வெகுநேரமானது. மூன்று வயது மகளுக்குக் கண்ணோரத்தில் வெள்ளை வந்திருக்கிறது, அப்பாவுக்குத் தெரியாமல் வந்தேன் என்றான்.

"நீ என்ன மருந்து போடுறே?" என்று கேட்டான்.

"ஒண்ணும் போடல. வெயில்ல அந்த இடம் காந்தும், பாத்துக்க," என்றாள் அக்கா. "பிள்ளைய ஒளிச்சு வைக்காதே. அஞ்சு வயசானதும் பள்ளிக்கூடத்துல சேத்துவிடு."

அவன் தலையாட்டினான். சேர்க்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.