வாலுவின் கைப்பட்டை

குழந்தை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

நகரும் படிக்கட்டில் ஏறும்போது அவள் மனசுக்குள் இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்காமலா இருப்பார்கள்? நாற்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி, கைப்பையும் தானுமாக, பிள்ளைகள் விளையாடும் இடத்தின் வாசலில் போய் நின்றால் யாராக இருந்தாலும் கேட்பார்கள். 'அப்பாவோட பின்னால வர்றா' என்று சொல்லலாம். 'பாத்ரூம் போயிருக்கா' என்று சொல்லலாம். உண்மையையும் சொல்லலாம். அதை நினைத்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இது நடந்தது. அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நம்பச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். ஆனால் அவளுடைய இடது மணிக்கட்டை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

அவள் ஒரு வார இதழில் பத்தி எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்பதுதான் விஷயம். மீன் காட்சியகம், பொம்மை ரயில், ஏரியில் மிதிபடகு, கோளரங்கம் என்று நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் ஒன்று விடாமல் அலசியிருக்கிறாள். எங்கே நிழல் உண்டு, எங்கே கழிப்பறைக்குள் மூக்கைப் பிடிக்காமல் போகலாம், எந்த வாசலில் பலூன்காரர் வழிமறித்து நிற்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்தியின் அடியில் அவள் பெயர் வராது. 'வாலுவின் அம்மா' என்று மட்டும் வரும்.

வாலு என்று ஒருத்தி கிடையாது.

ஆரம்பத்தில் தங்கை மகள்தான் வாலு. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒன்பது வருஷத்தில் தங்கை மகள் வளர்ந்துவிட்டாள். "பெரியம்மா, அங்கெல்லாம் என் ஃபிரெண்ட்ஸ் பார்த்தா என் மானமே போயிடும்," என்று போன மாதம் சொல்லிவிட்டாள். நியாயம்தானே. ஆனால் பத்தியில் வரும் வாலு வளரவில்லை. கடைவாயில் சாக்லேட்டோடு ஐந்து வயதிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, உங்க பொண்ணு வளரவே மாட்டாளான்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க," என்றார் ஆசிரியர் ஒருநாள் ஃபோனில்.

"வளர்ந்துட்டா பத்தி நின்னுடும் சார். பரவாயில்லையா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஃபோனை வைத்த பிறகு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது.

பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இதற்கு வாலு என்ன சொல்வாள் என்று யோசிப்பாள். பதில் தானாக வரும். அது வருகிற அந்தச் சில நொடிகளுக்கு, பக்கத்து அறையில் யாரோ இருப்பது போல இருக்கும். அதற்காகவேகூட அவள் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம்.

அந்த வாரப் பத்திக்காக அவள் போன விளையாட்டு இடம் ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருந்தது. வேலைநாள், பிற்பகல் மூன்று மணி. கூட்டமே இல்லை. வாசலில் நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர்?"

"ரெண்டு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பாப்பா எங்க மேடம்?"

"அவ... உள்ள ஓடிட்டா."

நீலச் சட்டைக்காரி திரும்பிப் பார்த்தாள். தன் கண்ணில் படாமல் எப்படி ஓடியிருக்க முடியும் என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சியோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு பச்சை நிறக் கைப்பட்டைகளை எடுத்தாள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டிலும் ஒரே எண். பெரியதை அவளுடைய இடது மணிக்கட்டில் சுற்றி அழுத்தினாள். 'டிக்' என்றது.

"இது கழட்ட வராது. வீட்டுக்குப் போய் கத்தரிக்கோலால வெட்டிக்கலாம். சின்னதைப் பாப்பா கையில நீங்களே போட்டு விட்டுடுங்க. போகும்போது ரெண்டு பட்டையும் சேர்ந்து வந்தாத்தான் கதவு திறக்கும். பாப்பா பேரு?"

"வாலு."

"அதுவா பேரு?"

"வீட்ல அப்படித்தான்."

நீலச் சட்டைக்காரி ஃபோன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். சிறிய பட்டையை அவள் தன் கைப்பையின் பக்கவாட்டு அறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மூடியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உள்ளே கூடம் முழுக்க வண்ணக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மேலே ஏறின. யானைத் தும்பிக்கை போல ஒரு சறுக்கு. அதன் அடியில் பந்துக் குளம். பெரிய தொட்டி, கழுத்து வரைக்கும் நெகிழிப் பந்துகள். அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து சறுக்கைப் பார்த்தாள். இதற்கு வாலு என்ன சொல்வாள்? பதில் வந்தது. 'நான் மட்டும் கீழ வந்துட்டேன்மா, வயிறு மேலயே நின்னுடுச்சு.' நன்றாக இருந்தது. மனசில் வைத்துக்கொண்டாள். எங்கேயும் எழுதவில்லை.

இருந்த குழந்தைகளும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக ஓர் அண்ணனும் தங்கையும். அவர்களின் அம்மா இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, அவ இன்னும் ஒளிஞ்சிட்டிருக்கா. நாங்க கண்டுபிடிக்கவே இல்ல."

"யாருடா?"

"அந்தப் பொண்ணு."

"அவங்க அம்மா கண்டுபிடிச்சுக்குவாங்க. வா."

கூடம் காலியானது.

காலிதான். ஆனால் பந்துக் குளத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பந்து மெல்ல எழும்பியது. பக்கத்துப் பந்துகள் சரிந்தன. சளசள... பிறகு அடங்கிவிட்டது. குளிர்காற்று வீசுகிற இயந்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுந்து வாசலுக்கு வந்தாள். மணிக்கட்டைக் கருவியில் காட்டினாள். சிவப்பு விளக்கு. பீப்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க மேடம்."

சிறிய பட்டையைக் காட்டினால் போதும், முடிந்தது விஷயம். ஜிப்பைத் திறந்தாள். கையை விட்டுத் துழாவினாள். பையை மேஜையில் கவிழ்த்தாள். சாவி, பேனா, கண்ணாடிக்கூடு, மாத்திரை அட்டை.

பட்டை இல்லை.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. ஒரே ஒரு வரிதான். 'எனக்குக் குழந்தையே இல்லம்மா.' வாயைத் திறந்தாள். அதற்குள் நீலச் சட்டைக்காரி மைக்கை எடுத்துவிட்டாள்.

"வாலு... வாலு... உங்க அம்மா வாசல்ல காத்துட்டிருக்காங்க. சீக்கிரம் வாங்க."

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. காலிக் கூடத்தில் மோதி மோதித் திரும்பியது பெயர். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், சொன்னால் சிரிப்பீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போது குழாய்களுக்குள்ளிருந்து...

"இதோ வர்றேன்மா."

மேலிருந்து வந்தது. சின்னக் குரல்.

குழாய்க்குள் முழங்கால்கள் நகரும் சத்தம். தட். தட். தட். ஒரு வளைவைத் தாண்டியது. இன்னொரு வளைவைத் தாண்டியது.

சறுக்கில் சர்ரென்று எதுவோ இறங்கியது.

பந்துகள் சிதறின.

யாரும் தெரியவில்லை.

பந்துகள் மட்டும் இரண்டு பக்கமும் விலகி விலகி... கரையை நோக்கி வந்தன.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வலது கைக்குள் ஒரு கை வந்து நுழைந்தது. சின்னது. குளிர்காற்றில் நெடுநேரம் கிடந்த பாத்திரம் போலச் சில்லென்று இருந்தது.

பீப். பச்சை விளக்கு. கதவு திறந்தது.

"வந்துட்டாங்கல்ல? பை மேடம்," என்றாள் நீலச் சட்டைக்காரி. அந்தப் பெண் விளக்கைத்தான் பார்த்தாள். அதற்குள் கண் ஃபோனுக்குத் திரும்பிவிட்டது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். யாராவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். செருப்பு வைக்கும் அடுக்கின் முன்னால் நின்றாள். அதில் அவளுடைய செருப்பு மட்டும்தான் இருந்தது.

"உன் செருப்பு?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்றிருந்தது.

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

யார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நடந்தார்கள். மூடிக் கிடந்த ஒரு கடையின் கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. அவள் மட்டும். வலது கை மட்டும் உடம்பை விட்டு விலகி, கீழே எதையோ பிடித்தபடி.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். கையை எடுக்கவில்லை.

"நான் மட்டும் கீழ வந்துட்டேன்மா," என்றது குரல். "வயிறு மேலயே நின்னுடுச்சு."

அவள் எங்கேயும் எழுதாத வரி.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே நின்ற பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். "ஒருத்தர்தானே, வாங்க."

கைக்குள் ஒன்றும் இல்லை.

வீடு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. சமையலறை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். முதலில் இந்தப் பட்டையை வெட்டித் தொலைப்போம், மற்றதெல்லாம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கத்தரிக்கோலின் ஒரு முனையைப் பட்டைக்கு அடியில் விட்டாள்.

கட்டிலுக்கு அடியில் யாரோ மூச்சை அடக்கினார்கள்.

ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் அடக்குவது போல. பாதி இழுத்த மூச்சு. அப்படியே நின்றது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மூச்சு மெல்ல வெளியே வந்தது.

அன்று அவள் கூடத்து நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பயம்தான். இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் தன் காதில் விழவே இல்லை என்பது விடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காலையில் ஃபோன் வந்தது. அந்த இடத்தின் மேற்பார்வைக்காரம்மா. குரலில் தயக்கம்.

"மேடம், நேத்து தனியாத்தானே வந்தீங்க?"

"ஆமா." இப்போது எளிதாக வந்தது.

"கேமராவுல பார்த்தேன். தனியாத்தான் போறீங்க. ஆனா கதவு திறந்திருக்கு. ரெண்டு பட்டை இல்லாம அது திறக்காது." குரல் இன்னும் தணிந்தது. "சின்னப் பட்டை காலையில பந்துக் குளத்துக்கு அடியில கிடந்துச்சு. பூட்டியிருந்துச்சு, மேடம். ஒரு குழந்தை கை அளவுக்கு வளைச்சு அழுத்திப் பூட்டியிருந்துச்சு."

அவள் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள்.

"சொல்லக் கூடாதுதான். ஆனா சொல்லாம இருக்க மனசு கேக்கல. எனக்கு முன்னாடி நடந்தது. அப்பல்லாம் கருவி கிடையாது, பட்டையைக் கண்ணால பார்த்துட்டு விட்டுடுவாங்க. ஒரு அம்மா அஞ்சு வயசுப் பொண்ணோட வந்திருக்காங்க. பொண்ணு உள்ள விளையாடிட்டிருக்கும்போது, பாத்ரூம்ல போய்த் தன்னோட பட்டையை வெட்டிப் போட்டுட்டு, தனியா வந்தவங்க மாதிரி வெளிய போயிட்டாங்க. பொண்ணோட செருப்பையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு?"

"அது பின்னாடி வராம இருக்கத்தான்."

அவள் கண்ணை மூடினாள்.

"அது ஒளிஞ்சுக்கிச்சு போல. ஒளிஞ்சா அம்மா தேடி வருவாங்கன்னு. பந்துக் குளத்துக்கு அடியில. யாரும் கவனிக்கல, பூட்டிட்டுப் போயிட்டாங்க. காலையிலதான்..." அந்த அம்மாள் வாக்கியத்தை முடிக்கவில்லை. "ஒன்பது வருஷமாச்சு. தினமும் மூடும்போது பந்துகள்ல ஒரு சத்தம் வரும். எங்களுக்குப் பழகிடுச்சு. நேத்து வரல."

ஒன்பது வருஷம். அவள் பத்தி எழுத ஆரம்பித்தும் அவ்வளவுதான்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தப் பட்டை இன்னும் கையில இருக்கா?"

"இருக்கு."

"வெட்டிடுங்க மேடம். முன்னாடி ஒரு தடவை, ஒரு டீச்சரம்மாவோட இப்படித்தான் போயிடுச்சு. அவங்க பட்டையை வெட்டினாங்க. அன்னைக்கே இங்க திரும்பி வந்துடுச்சு. ரெண்டு வாரம் அழுகைச் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு."

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. யாரோ காதைக் கூர்மையாக்கிக் கேட்கும்போது இருக்குமே, அந்த மாதிரி ஓர் அமைதி.

"மேடம்? கேக்குதா? வீட்ல கத்தரிக்கோல் இருக்கா?"

"இருக்கு."

"வெட்டிடுவீங்கல்ல?"

கட்டிலுக்கு அடியில் மூச்சு அடங்கியது.

அவள் பட்டையின் மேல் வலது கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள் மெதுவாக. "வெட்டமாட்டேன்."