ஆறு சீத்தைச் சட்டைகளும் ஒரே மொட்டும்

பூ அச்சடித்த புதுச் சீத்தைத் துணியில் சூடான அயன்பெட்டி பட்டதும் ஒரு கஞ்சி வாசம் வரும் பாருங்கோ... யன்னலால் வரும் துறைமுகத்து டீசல் காற்றோடு கலந்து மத்தியானச் சோற்றையே மறக்கடிக்கும்.

அந்தத் தையல்கடையில் துணி வெட்டுவது நான். ஒரு ஹோட்டலில், ஒல்லாந்தர் காலத்து உடுப்போடு விருந்தாளிகளை வரவேற்க ஆறு பெண்பிள்ளைகளுக்குச் சட்டை. அதில் ஒருத்தி என் தங்கை வதனி. அவளுக்கு அது முதல் வேலை, கால் நிலத்தில் படவில்லை.

அந்தக் காலத்துப் பழைய சட்டைத் துண்டு ஒன்றைப் படமெடுத்து அப்படியே அச்சடித்த துணி அது. கொடிகளுக்கு நடுவே முழத்துக்கு ஒன்றாய் ஒரு செம்மண்நிற மொட்டு. எல்லாச் சட்டையிலும் ஒரே பூ ஒரே இடத்தில் விழவேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். நான் அந்த மொட்டைத்தான் எடுத்தேன். ஆறிலும் இடது மார்பில். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பொத்தான் தைக்க எடுத்த ஃபரீதா ராத்தா கையை உதறினா. கிண்ணியாவிலிருந்து வரும் மூத்த தையல்காரி.

"புள்ள, இது மொட்டு இல்ல. கிழிசல். தச்சிருக்கு பாருங்க. சுத்திவர ரத்தக்கறை."

"விசர்க்கதை கதையாதேங்கோ ராத்தா!"

தடவினேன். விரலுக்கு ஒன்றுமில்லை, வழுவழு அச்சு. கண்ணுக்கு மட்டும் சின்னச் சின்னத் தையல்...

அந்தப் பழைய சட்டையை உடுத்த எவளோ ஒருத்திக்கு எங்கே குத்து விழுந்ததோ தெரியாது. அதை அளந்து அளந்து ஆறு பிள்ளைகளின் நெஞ்சில் வைத்தது நான்.

மிச்சத் துணி ஒரு சட்டைக்குத்தான் காணும். வதனிக்கு மட்டும் மொட்டு விழாமல் புதிதாய் வெட்டினேன்.

"மத்த அஞ்சும் ஆருட புள்ளைகள்?" என்று கேட்டா ராத்தா. நான் வெட்டுத் துண்டுகளைக் கூட்டி அள்ளினேன்.

வரவேற்பு நாளில் ஐந்து பேரும் தட்டை வலக்கையில் மட்டும் பிடித்திருந்தார்கள். இடக்கை நெஞ்சில்... சொல்லிவைத்தாற்போல. வதனி இரண்டு கையாலும் பிடித்துச் சிரித்தாள்.

இப்போது அவள் கனடாவில். போன கிழமையும் ஃபோனில் சண்டை.

"எல்லாருக்கும் வடிவா அந்தப் பூவை வைச்சுப்போட்டு எனக்கு மட்டும் ஏன் அக்கா வைக்கேல்லை? நான் உன்ர சொந்தத் தங்கச்சியெல்லோ!"

வதனி, இதுதான் காரணம். கோவிக்காதே.

அந்த வயதில் பூ நேராய் விழுவதுதான் எனக்குப் பெரிய கவலை. இப்போது விடிந்ததும், தேத்தண்ணி வைக்க முன்னமே, ஃபேஸ்புக்கில் அந்த ஐந்து பேரின் பக்கத்தையும் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்க்கிறேன். நல்லாத்தான் இருந்தார்கள், இத்தனை வருஷமும்.

மூன்று நாளாய் ஒருத்தி ஒன்றும் போடவில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து வந்த பிள்ளை... இதைப் படித்தால் ஒரு சொல் எழுதம்மா. சும்மா ஒரு சொல் போதும்.