இரண்டாம் குழாய்

ஜனவரி 9: முதல் குழாயில் தூய்மை 99.8, இரண்டாம் குழாயில் 99.8.
பிப்ரவரி 3: 99.7, 99.7.
மார்ச் 11: ஜனவரி மாத்திரையே மீண்டும். முதல் குழாய் 99.8, புதுக் குழாய் 98.1.

கடைசி எண்ணை எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் திரையைப் பார்க்கிறார். மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவருக்கு 'ரெண்டாவதம்மா' என்று பெயர். இரண்டாவது வழியில் சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்திட மாட்டார். மாலையில் வண்டியோடு வாசலில் நிற்கும் கணவர் என்னிடம், "நல்லவேளை சார், மாப்பிள்ளை பார்க்கறப்ப மட்டும் ரெண்டாவது ஆளைச் சோதிக்கல" என்பார். "அதுக்குத்தான் அனுபவிக்கிறேன்" என்று பின்னால் ஏறிக்கொள்வார் இவர்.

மாத்திரையைக் கரைத்து, பொடி அடைத்த எஃகுக் குழாய்க்குள் அழுத்தத்தில் செலுத்துவது வேலை. கலந்திருக்கும் பொருள்கள் வெவ்வேறு நேரத்தில் வெளியேறித் திரையில் தனித்தனி முகடாக எழும். இரண்டு பொருள்கள் சேர்ந்து வந்தால் ஒரே முகடுதான். அதைப் பிரித்துக் காட்டத்தான் வேறு குணமுள்ள பொடியோடு இரண்டாம் குழாய். ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டையும் தேர்ந்தெடுத்தவர் அவரே.

"அண்ணன் தம்பிக்குள்ளகூட இவ்வளவு ஒத்துமை கிடையாதே ஐயா" என்று பிப்ரவரி இறுதியில் என் ஆவண அறைக்கு வந்தார். குழாய்களின் பழைய தாள்களை வாங்கி விரல் வைத்துப் படித்தார். தயாரித்த கம்பெனிகள்தான் வேறு. பொடி ஒன்றே.

"ஒரே சாட்சியைச் சட்டை மாத்தி ரெண்டு தடவை நிக்க வெச்சிருக்கேன்."

வேறு பொடி அடைத்த புதுக் குழாயை வரவழைத்தார். அதில் முகட்டின் முதுகிலிருந்து இன்னொன்று பிரிந்தது. தினமும் விழுங்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாசு அது. ஜனவரியில் மூலப்பொருள் தருபவர் மாறியிருந்தார். அந்த மாத்திரைகள் மருத்துவமனைகளுக்குப் போய் வாரங்கள் ஆகியிருந்தன.

"நம்ம முறையில தேறிடுச்சுல்லம்மா. தப்பு என்னுதுன்னு நீங்களே எழுதிக் குடுப்பீங்களா?" என்றார் மேலாளர்.

"வேற யாரு சார் எழுதுவா? கையெழுத்து என்னுது. இன்னும் முழுங்காம இருக்கறதையாவது பிடிங்க."

அன்றே எழுதிக் கொடுத்தார். மாத்திரைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் உத்தரவு எட்டு நாள் கழித்தே போனது. ஆறு மருத்துவமனைகளிலிருந்து சில பெட்டிகள் திரும்பின. ஏழாவதன் பதிலை நின்றபடியே படித்தார்: 'நாற்பது பெட்டிகளும் நோயாளிகளுக்கு வழங்கப்பட்டுவிட்டன. இருப்பு இல்லை.'

இரண்டு குழாய்களையும் குறித்துத் தாம் கையெழுத்திட்ட பழைய சோதனைமுறைத் தாளை என்னிடம் கேட்டு வாங்கினார். கடிதத்தை அதன்மேல் வைத்து, மூலையில் பின் அடித்து என்னிடம் நீட்டினார்.

"பிரிச்சு வெச்சிடாதீங்க ஐயா."

கடிதம் வந்த நாள் ஏப்ரல் 2.