மலையில் விட்டுவைத்த ஒரு பிடி சோறு

இது நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. என் உடன்பிறந்த தம்பி மதிவாணன் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, என் எதிரில் உட்கார்ந்து சொன்னது. எங்கள் குடும்பத்தைப் பற்றி நன்னிலம் பக்கத்தில் இப்போது வேறு மாதிரி பேசுகிறார்கள். பேசுகிற வாயை மூட முடியாது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டியது மூத்தவன் கடமை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வீட்டில் தனியாக இருந்தால் மட்டும் இப்போது படிக்க வேண்டாம்.

மதிவாணனுக்கு ஒரே மகள், குந்தவை. பெங்களூரில் வேலை. லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவாள். அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் இமயமலைக்குப் போகிறேன் என்றாள். உத்தரகாண்டில் ஒரு தேசியப் பூங்கா. பெயர் வேண்டாம். மோனால் என்று ஏழு நிறத்தில் ஒரு பறவையாம், கஸ்தூரி மானாம், அதிர்ஷ்டம் இருந்தால் பனிச்சிறுத்தையாம். வழிகாட்டியோடு நாலைந்து நாள் நடை, கூடாரத்தில் தூக்கம்.

அப்போதுதான் அவளுக்குச் சீர்காழியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பெண் தனியாக மலையேறப் போனாள் என்று நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சம்பா நடவும் முடிந்திருந்தது. மதிவாணனே கூடப் போவது என்று முடிவானது.

அவன் மனைவி மங்களாம்பிகை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வரப்புல சாரைப்பாம்பைப் பார்த்தாலே நாலு தெருவுக்குக் கேக்குற மாதிரி கத்துவீங்க. நீங்க சிறுத்தை பாக்கப் போறீங்களா?"

"நான் சிறுத்தையப் பாக்கப் போகல. உன் மகளப் பாத்துக்கப் போறேன்."

"அங்க சப்பாத்திதான் போடுவாங்க. மூணாம் நாளே ஓடியாந்துருவீங்க, பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொந்த வயல் பொன்னி அரிசியில் ஐந்து கிலோ கட்டிக் கொடுத்தாள். கூடவே ஒரு சின்ன அலுமினியக் குண்டான்.

அந்தக் குண்டானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்திரியில் எங்கள் வீட்டுச் சோற்றுப் பாத்திரத்தை வழித்துக் காலி செய்ய மாட்டோம். ஒரு பிடியாவது விட்டு, தண்ணீர் ஊற்றி வைப்போம். வேளை கெட்ட வேளையில் ஒருவர் வந்து நின்றால் பசியோடு திரும்பக் கூடாது. அடுப்படியில் "சோறு இல்லை" என்ற பேச்சும் கூடாது. அரிசி தீர்ந்தால்கூட "நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள். டெல்டாவில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதல் பிடிவாதம். புயலடித்து ஊரே படுத்த வருஷத்திலும் எங்கள் வாசலில் நின்றவர் யாரும் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

முதல் நாள் நடை சுகமாகவே இருந்தது. தேவதாரு மரங்கள், கீழே பச்சை நிறத்தில் ஓடும் ஆறு. ஒரு பாறைச் சரிவில் குந்தவை மோனாலைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் அப்பாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தே மதிவாணனுக்குக் கால்வலி பாதி போய்விட்டது.

மாலையில் ஒரு புல்வெளியில் கூடாரம் அடித்தார்கள். அதற்கு மேலே ஊர் கிடையாது. வழிகாட்டியின் பெயர் பிரேம் சிங். இந்திதான் பேசுவான். குந்தவை அப்பாவுக்குச் சொல்லுவாள். அவனுடைய குக்கரில் சோறு வடித்துச் சாப்பிட்டு முடிந்ததும், மதிவாணன் ஒரு பிடிச் சோற்றைக் குண்டானில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

பிரேம் சிங் பதறிப்போய் ஏதோ சொன்னான்.

"வேண்டாங்கிறார்ப்பா. சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வருமாம். மிச்சம் வைக்கக் கூடாதுன்னு பூங்காவுல ரூலாம்."

"ஒரு பிடி சோத்துக்கு எந்தக் கரடி வரும்? நம்ம வீட்டு வழக்கம் இதுன்னு சொல்லு."

"இது நம்ம வீடு இல்லப்பா."

"நாம இருக்கிற இடம்தான் நம்ம வீடு."

குண்டானைத் தட்டால் மூடி, மேலே கல்லை வைத்து, சமையல் கூடாரத்தின் ஓரத்தில் வைத்தான்.

காலையில் பார்த்தால் சோறு இல்லை. குண்டான் சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கல் பக்கத்தில் இருந்தது. தட்டு கல்லின் மேல் இருந்தது.

மகள் கழுவினாள் என்று அவன் நினைத்தான். அப்பா கழுவினார் என்று அவள் நினைத்தாள். பிரேம் சிங் நான் தொடவே இல்லை என்றான்.

கரடி பாத்திரம் கழுவுமா?

கேட்டுவிட்டு மூன்று பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டுவிட்டார்கள். விட்டிருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் மரங்கள் குறைந்தன. பிறகு மரமே இல்லை. புல், பாறை, தூரத்தில் பனி. எதிர்ச் சரிவில் நீல ஆடு என்று அங்கே சொல்கிற மலையாடுகள் மேய்வதைக் குந்தவை வெகுநேரம் படம் எடுத்தாள். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தவள், "ஆட்டுக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்கப்பா" என்றாள். மதிவாணன் பார்த்தான். பாறை நிழலில் ஒல்லியாக ஒரு உருவம். தலையில் ஒன்றுமில்லை. மேலே ஒரு துணியும் இருந்த மாதிரி தெரியவில்லை. அந்தக் குளிரில்...

நிமிர்ந்து சரிவைப் பார்த்தால் ஆடுகள் மட்டும் இருந்தன. எல்லா ஆடுகளும் ஒரே பக்கம் திரும்பி நின்றன.

அன்று ராத்திரியும் குண்டானில் ஒரு பிடிச் சோறு. பிரேம் சிங் முகம் சரியில்லை. மகள் ஒரு சின்னக் கூடாரத்தில், மதிவாணன் பக்கத்துக் கூடாரத்தில்.

ராத்திரி இரண்டே முக்காலுக்கு விழிப்பு வந்தது.

காற்று நின்றிருந்தது. ஓடைச் சத்தமும் இல்லை.

சளப்... சளப்...

சமையல் கூடாரத்திலிருந்து வந்தது. தண்ணீர்ச் சோற்றைக் கையால் அள்ளி உறிஞ்சும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். தவறாக நினைக்க முடியாது. நடுவே அலுமினியத்தில் நகம் உரசியது. கிரீச்...

பிரேம் சிங்குக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள், இந்தப் பக்கத்துக் கூடாரத்தில் பிரேம் சிங்கின் குறட்டை கேட்டது.

வேறொருவனாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பான். மதிவாணன் எங்கள் வீட்டுப் பிள்ளை. சாப்பிடுகிறவரை யார் என்று அதட்டிப் பழக்கமில்லை. இருட்டில் படுத்தபடியே குரல் கொடுத்தான்.

"யாருங்க அது? இருந்து சாப்பிட்டுப் போங்க."

சத்தம் நின்றது.

பிறகு பதில் வந்தது. மெல்லிய குரல். காய்ந்த குரல். தமிழில்.

"போதலீங்க..."

குறட்டையும் நின்றது.

மதிவாணன் எழுந்திருக்கப் பார்த்தான். உடம்பு வரவில்லை. வெறுங்கால் ஒன்று உறைபனியை மிதித்து நடந்தது. நொறுக்... நொறுக்... அவன் கூடாரத்தைத் தாண்டியது. மகளின் கூடாரத்தருகே போய் நின்றது.

அங்கே யாரோ எதையோ கேட்டார்கள். மகள் ஏதோ பதில் சொன்னாள். தூக்கத்தில் பேசுகிற மாதிரி. அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

நன்னிலம்.

அதற்குப் பிறகு அவனுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஆறு மணி. வெளுத்திருந்தது. ஆனால் வெளியே மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மகளின் கூடாரம் திறந்து கிடந்தது. பூட்ஸ் இரண்டும் வாசலில் இருந்தன.

"குந்தவை!"

தரையில் இரண்டு ஜோடி வெறுங்கால் தடம். ஒன்று அவளுடையது. இன்னொன்று நீளமாக, குறுகலாக. மலையை நோக்கி மேலே போயின.

ஓடினான். பிரேம் சிங் பின்னால் கத்திக்கொண்டே வந்தான். அந்தப் பக்கம் விளிம்பு. கீழே ஆயிரம் அடி.

பனிக்குள் அவள் தெரிந்தாள். மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். இடது கையில் குண்டான். வலது கை முன்னால் நீண்டிருந்தது. ஒருவர் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி.

முன்னால் யாரும் இல்லை.

"பாப்பா, நில்லு!"

திரும்பவில்லை. ஆனால் பேசினாள்.

"பசிக்குதாம்ப்பா."

"நில்லும்மா..."

"நம்ம வீட்டுல சோறு இருக்கான்னு கேக்குறாங்க. இருக்குன்னு சொன்னேன்."

இன்னும் நாலு எட்டு. அதற்கப்புறம் தரை இல்லை.

பாய்ந்து இடுப்பைப் பிடித்தான். இழுத்தான். அவள் அசையவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டில் விரல்கள் அழுந்திய பள்ளம். ஐந்து பள்ளம். அவன் பார்க்கப் பார்க்கப் பள்ளம் ஆழமானது.

அவளோடு சேர்ந்து அவனும் நகர்ந்தான். ஒரு எட்டு.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது வரை அவன் சொல்லாத சொல். அவன் அப்பன் சொல்லாத சொல்.

இன்னொரு எட்டு.

குண்டானைப் பிடுங்கி விளிம்புக்கு அப்பால் வீசினான். கத்தினான்.

"சோறு இல்லை!"

இழுப்பு நின்றது.

"எங்க வீட்டுல சோறு இல்லை! யாருக்கும் இல்லை! போ!"

குண்டான் பாறையில் மோதி மோதிக் கீழே போகும் சத்தம். டங்... டங்... டங்...

அவன் கன்னத்தில் மூச்சுப் பட்டது. சூடான மூச்சு இல்லை. காதோரம் அந்தக் குரல்.

"அங்க இருக்குல்ல?"

மகள் சரிந்து அவன் மேல் விழுந்தாள்.

கீழே இறங்கும்போது பிரேம் சிங் ஒரு இடத்தில் நின்று குந்தவையிடம் மட்டும் கேட்டான். "ராத்திரி உங்க அப்பா உங்க பாஷையில பேசினார். பதில் எங்க மலைப் பேச்சில வந்துச்சே. அவருக்கு எப்படிப் புரிஞ்சது?"

குந்தவைக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மணிக்கட்டில் மட்டும் ஐந்து கறுப்புத் தழும்பு. இன்றும் இருக்கிறது. சீர்காழிக்காரர்களிடம் கேமரா வார் அழுத்திய தழும்பு என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

மறுநாள் மாலை தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் போனில் சிக்னல் வந்தது. மதிவாணன் முதலில் வீட்டுக்குப் பேசினான்.

"என்னங்க, சிறுத்தை பாத்தீங்களா?"

"மங்களம், வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?"

"நல்லா இருக்கோம். நேத்து காலையில நீங்க அனுப்புன ஆளு வந்தாருங்க."

மதிவாணன் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்த ஆளு?"

"உங்க பொண்ணுதான் வழி சொல்லிச்சுன்னாரு. பாவம், எலும்பும் தோலுமா இருந்தாரு. செருப்புகூட இல்ல. காலெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. உள்ள கூப்பிட்டு இலை போட்டேன். குழம்பு வேணாம், வெறுஞ்சோறு போதும்னாரு. போடப் போட இறங்கிட்டே இருக்கு."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு, ஆறே கால் இருக்கும். வாசல் தெளிச்சுட்டு இருந்தேன்."

"போயிட்டானா?"

"மோர் எடுத்துட்டு வர உள்ள போனேன். வந்து பாத்தா இலை மட்டும் இருக்கு. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு."

"மங்களம், அந்த ஆளு மறுபடி வந்தா சோறு இல்லைன்னு சொல்லு."

"என்ன பேச்சுப் பேசுறீங்க? மலைக்குப் போனதும் புத்தி மாறிப்போச்சா? வந்து நிக்கிறவங்களப் பாத்து அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்றீங்களே!"

அவன் ஊர் வந்து சேர்ந்தபோது மங்களம் நன்றாகத்தான் இருந்தாள். வழக்கத்தைவிடக் கூடவே சாப்பிட்டாள். மூன்று வேளைச் சோறு ஐந்து வேளையானது. நானே பல நாள் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஐப்பசி பாதியில் அவளுடைய வளையல்கள் முழங்கை வரை ஏறின. தீபாவளிப் புடவை இடுப்பில் நிற்கவில்லை. கார்த்திகை பிறந்தபோது எழுந்து நடக்க முடியவில்லை. படுத்தபடியே ஊட்டச் சொன்னாள். ஊட்டினோம்.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எந்த நோயும் இல்லை. நாலாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். வராந்தாவில் உறவுக்காரர்கள் அத்தனை பேர் நிற்கிறார்கள். எல்லோர் காதிலும் விழும்படி என் தம்பியிடம் கேட்டாள்.

"ஸ்கேன்ல பாத்தா வயித்துல ஒரு பருக்கை கிடையாது. குடல் ஒட்டிப்போய்க் கிடக்கு. பட்டினி போட்டுக் கொன்னிருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க, இந்தம்மாவுக்கு நீங்க சோறு போட்டு எத்தனை நாளாச்சு?"

மதிவாணன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளுக்குக் கடைசிக் கவளம் ஊட்டிய கை. சோறு இன்னும் விரலில் ஒட்டியிருந்தது.