மாமன் மடிக்கு ஒரு பூஸ்டர்

ஊசி என்றால் எனக்குப் பயம். பின்னால் என் மனைவி வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. கம்பத்தின் உச்சியில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன், மழையில் நனைந்த ஒயரை முறுக்கி இணைப்பேன். ஆனால் பஞ்சில் ஸ்பிரிட் வாசனை வந்துவிட்டால் என் முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே உட்காரப் பார்க்கும். முதல் இரண்டு கொரோனா ஊசிகளையும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் நகம் பதிந்த இடத்தில் அவள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். ஊசி வாங்கிய என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை.

தொழில் ரேடியோ செட். முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமங்களில் சடங்கு, கல்யாணம், கோயில் பொங்கல் எதுவானாலும் செட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மைக் சும்மா இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. “பந்தியில் செருப்பைத் தொலைத்தவர் மேடைக்கு வரவும். நல்ல செருப்பைப் போட்டுப் போனவர் வர வேண்டாம், நன்றாக இருக்கட்டும்” என்று ஏதாவது சொல்லிவைப்பேன். சனம் சிரிக்கும். இருபது வருஷமாக அப்படிச் சிரிக்க வைத்ததற்கு ஒரு ஆடி மாதத்தில் மொத்தமாகப் பலன் கிடைத்தது.

என் தங்கச்சியை ராமநாதபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கோயில் மருந்தும் ஆஸ்பத்திரி மருந்தும் மாறிமாறிச் சாப்பிட்ட பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நாங்கள் வெளியே நின்று, அது மூச்சு விடுகிறதா என்று பார்த்துப் பார்த்து, எங்கள் மூச்சை மறந்தோம். மாப்பிள்ளை மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். முன்பே சுத்தக்காரர். பிள்ளை வீட்டுக்கு வந்தபின் அவர் வீட்டு வாசலில் செருப்புகளைவிட சானிடைசர் பாட்டில்கள் அதிகம்.

ஆவணியில் முதல் நல்ல நாளில், உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய குலசாமி கோயிலில், முடியிறக்கிக் காது குத்துவதென்று முடிவானது. எங்கள் பக்கம் காது குத்து என்றால் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். தங்கச்சிக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன். எனக்கு மாற்று ஆள் இல்லாத வேலை இந்த உலகத்தில் இது ஒன்றுதான். செட் கட்ட என்னைவிட நல்ல ஆட்கள் கமுதியில் இருக்கிறார்கள். அந்த மடி மட்டும் என்னுடையது.

மாப்பிள்ளை போன் செய்தார்.

“மச்சான், சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. பூஸ்டர் போட்டாச்சா?”

“எதுக்கு மாப்ள? இப்பத்தான் ஊரே மாஸ்க்க மொளகா மூட்டை கட்ட எடுத்துக்கிருச்சே.”

“பாப்பாவுக்கு நுரையீரல் இன்னும் தேறணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பூஸ்டர் போட்டவங்க மட்டும்தான் தூக்கலாம். எங்க அம்மாவுக்கே அதுதான் சட்டம்.”

சொந்த அம்மாவுக்கே சட்டம் போட்டவரிடம் மச்சான் என்ன பேச? கண்ணாடிப் பெட்டி என் கண்ணுக்குள் வந்து போனது. சரி என்றேன்.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மேஜையில் இருந்தவர் என் ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார்.

“அறுவது வயசு ஆனவங்களுக்குத்தான் இங்கன இலவசம். நீங்க பிரைவேட்டுல போட்டுக்கிறணும்.”

“என்னையப் பாத்தா அறுவது தெரியலையா?”

“பாத்தாத் தெரியிது. ஆதாரு ஒத்துக்கிற மாட்டேங்குதே.”

மதுரைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தபோதே, எல்லாருக்கும் இலவசம், ஆறு மாதம் ஆகியிருந்தால் போதும் என்று டிவியில் சொன்னார்கள். துள்ளிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை நர்ஸம்மா இருந்தார். எங்கள் ஊருக்கும் அவர்தான் வருவார், என்னைத் தெரியும். நான் ஒருத்தன் மட்டும் வந்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“ஒரு குப்பியத் தொறந்தா பத்துப் பேருக்குப் போடணும்ணே. தொறந்த மருந்து சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. ஒங்க ஒருத்தருக்காகத் தொறந்து மிச்சத்தக் கீழ ஊத்துனா யாரு பதில் சொல்றது?”

“மிச்சத்தையும் எனக்கே போட்டுருங்க. வருசா வருசம் அலைய வேணாம்ல.”

“போடலாம். அப்புறம் ஒங்க வீட்டுல இன்னொரு செட்டுக்காரரக் கூப்புட வேண்டியிருக்கும்.”

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இன்னும் ஒன்பது பேர் வருவார்களா என்று பார்த்தேன். நாய்க்கடிக்கு ஒருத்தர் வந்தார். ஒரு கர்ப்பிணி வந்தாள். மற்றபடி வந்தவை ஆடுகள். முதல் ஊசிக்கு இதே இடத்தில் டோக்கனுக்காக ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம். இப்போது பூஸ்டர் என்றால், கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது மொய் எழுத வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் குப்பி மூடியே இருந்தது. பஸ்ஸுக்காக ரோட்டில் நின்று நான் முணுமுணுத்ததை மைக்கில் சொல்லியிருந்தால் என்னைப் போலீஸ் பிடித்திருக்கும்.

கடைசியில் நர்ஸம்மாவே இரங்கினார். “புதன்கெழம புள்ளைகளுக்கு ஊசி போட ஒங்க ஊரு அங்கன்வாடிக்கு வருவேன். அன்னைக்குப் பத்துப் பேரச் சேத்து வைங்க. பெட்டியில குப்பியோட வாரேன்.”

பத்துப் பேர்தானே என்று நினைத்தேன். ஊருக்கு வந்து இறங்கியபோது தெருவில் மாவிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. தோரணத்துக்குப் பக்கத்தில் தொங்கிய சீரியல் லைட் நானே முந்தின நாள் கட்டியது. பூஸ்டர் யோசனையில் அந்தத் தேதி என் மண்டையில் ஏறவில்லை.

காப்புக் கட்டிவிட்டால் முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்கும் வரை ஊரில் கறி இல்லை, மீன் இல்லை, வெளியூரில் ராத்தங்கல் இல்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் எங்கள் ஆட்கள் முள் குத்தினால்கூட யோசித்துத்தான் பிடுங்குவார்கள். மறுநாள் காலை வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் பேச்சே இல்லாமல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

“காப்பு வலது கையில இருக்கு மதினி. ஊசி இடது கையிலதான். ஆத்தா இடது கையக் கணக்குல சேக்கலையே” என்று எதிர்வீட்டு மதினியிடம் வாதாடினேன்.

“ஒனக்கு எல்லாத்துலயும் வெளையாட்டுத்தான் கொழுந்தனாரே. பூசாரியக் கேளு.”

பூசாரி கோயிலில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், நிதானமாகத்தான் பேசுவார்.

“ஊசி குத்துறது குத்தமில்லப்பா. காச்ச வந்தா அதுதான் குத்தம். காப்புக் கட்டுனவன் காச்சல்ல படுத்தா அடுத்த வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்?”

“ஊசிக் காச்சன்னு சொல்லுவான்.”

“அம்மன்னு சொல்லுவான். மறுநாளு ஊரு பூரா வேப்பல கட்டிருவாங்க. அப்புறம் எங்கிட்டுத் திருவிழா? காப்ப அவுத்த பெறகு வா, நானே வாரேன்.”

நர்ஸம்மா வந்தார், பிள்ளைகளுக்குப் போட்டார், குப்பியைத் திறக்காமலே போனார். அடுத்த செவ்வாய் சாயங்காலம் முளைப்பாரி கரைப்பு. அதற்கடுத்த நாள் புதன், நர்ஸம்மா வருவார். வியாழன் காது குத்து. எனக்கு இருந்தது அந்த ஒரே ஒரு புதன்.

செவ்வாய் சாயங்காலம் கண்மாய்க் கரையில் செட் கட்டியிருந்தேன். பெண்கள் குலவை போட்டபடி பாரிச் சட்டிகளை இறக்கி வைத்து, கடைசிக் கும்மி அடித்து, முளைகளைத் தண்ணீரில் விட்டார்கள். மஞ்சள் கயிறுகள் அவிழ்ந்தன. இதுதான் சமயம் என்று பாட்டை நிறுத்தினேன்.

“நாளைக் காலை அங்கன்வாடியில் பூஸ்டர் ஊசி போடப்படும். பத்துப் பேர் வேண்டும்.”

கரை முழுக்கச் சிரிப்பு.

“ஊசி போட்டா குடம் பரிசாண்ணே?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“நெசமாத்தான் சொல்றேன்” என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நெசமாத்தான் என்று சொல்லிவிட்டு நான் விட்ட புளுகுகள் கொஞ்சமா? ஒருத்தர் சிரித்துச் சிரித்து ஈரத் துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்கு வந்த எரிச்சலில் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கண்மாயில் போட்டிருப்பேன். பாரியோடு பாரியாக அதுவும் கரைந்திருக்கும்.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எனக்கு மைக்கில் பேச வேறு விதம் தெரியாது. ஆனாலும் பேசினேன்.

“கண்ணாடிப் பெட்டியில கெடந்துச்சே என் தங்கச்சி மக, அதுக்கு நாளன்னைக்குக் காது குத்து. ஊசி போடலேன்னா அது என் மடிக்கு வராது. நான் ஒருத்தன் போனா குப்பியத் தொறக்க மாட்டாங்க. எனக்குப் பத்துப் பேரு வேணும். வேற ஒண்ணும் இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த பாட்டைப் போட்டேன்.

புதன்கிழமை காலை அங்கன்வாடியில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் நானும், சுவரில் சாய்ந்து என் மனைவியும் காத்திருந்தோம். கைக்குழந்தைகளுக்கெல்லாம் ஊசி முடிந்தது. நர்ஸம்மா பெட்டியை மூடப் போனார். அப்போது மதினி ஈரத் தலையோடு நுழைந்தாள். பின்னாலேயே ஆறு பெண்கள்.

“கொரோனாவுக்குன்னு நெனைக்காத. மாமன் மடின்னு சொன்னியே, அதுக்குத்தான் வந்தோம்” என்று சொல்லிவிட்டு ஜாக்கெட் கையை மேலே தள்ளினாள்.

கடைசியாகப் பூசாரி வந்தார். “காப்ப அவுத்தாச்சு. இனிமே எவன் காச்சல்ல விழுந்தாலும் ஆத்தா பொறுப்பில்ல” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வாக்கு யாரைத் தேடிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

குப்பி திறந்தது. எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு நான் கடைசியாக உட்கார்ந்தேன். தன் தாய் மடியில் அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை, நான் போட்ட சத்தத்தில் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

போனில் சர்டிபிகேட் வந்தது. அதை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. அன்று சாயங்காலம் புது வேட்டியை மடியில் போட்டு, தலையணையைப் பிள்ளையாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். மனைவி மட்டும் பார்த்தாள் என்பதால் பரவாயில்லை.

வியாழன் விடியும்போது பல் தந்தியடித்தது. இடது கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் தனியாகக் கனத்தது. பக்கத்து அடுப்படியில் என் மனைவி, அதே குப்பியில் அதே மருந்து வாங்கியவள், சீர்ப் பலகாரம் அடுக்கிக்கொண்டு பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட மற்ற யாருக்கும் ஒன்றுமில்லை. மதினி குடத்தோடு தெருவில் போனதை நானே பார்த்தேன். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, செட்டை வேனில் ஏற்றி மனைவியோடு கிளம்பினேன். செட்டு அன்று மாமன் சீரில் சேர்த்தி.

கோயில் வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அத்தனை பேரில் மாஸ்க் போட்டிருந்தது அவர் ஒருத்தர்தான். கையில், நெற்றிக்கு நேராகத் துப்பாக்கிபோல் பிடித்துச் சூடு பார்க்கும் கருவி. என் நெற்றியில் வைத்தார். அது கத்தியது.

“மச்சான், காச்ச அடிக்கிது.”

“இது ஊசிக் காச்ச மாப்ள. ஒட்டாது. நர்ஸம்மாவே சொல்லுச்சு.”

“எது ஊசிக் காச்ச, எது மத்த காச்சன்னு இந்த மெசினுக்குத் தெரியாதே.”

“நீங்க சொன்னதுக்காகத்தான் ஊசி போட்டேன். ஊசி போட்டதாலதான் காச்ச.”

“தெரியுது மச்சான்.” அவர் குரல் இறங்கியது. “கோச்சுக்காதீங்க. நான் அந்தப் பெட்டிய மறுபடி பாக்க மாட்டேன்.”

எனக்கு வாய் வரைக்கும் வந்த நக்கல் ஒன்று அங்கேயே நின்றுவிட்டது. அவர் கண் கலங்கியிருந்தது. சண்டை போடக்கூட எனக்கு வசதி செய்து தராத மனிதர்.

தங்கச்சி ஓடிவந்தாள். “நாளத் தள்ளி வைப்போம். அண்ணன் மடி இல்லாம குத்த வேணாம்” என்றாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். காது குத்த வந்த ஆசாரி, நல்ல நேரம் போகிறது என்பதை எச்சில் விழுங்கியே தெரிவித்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியாகிவிட்டது. கிடாயும் வெட்டியாகிவிட்டது.

“தள்ளிவச்சா எனக்கு ஆறு மாசங் கழிச்சு அடுத்த பூஸ்டர் கேப்பாரு” என்றேன். “இவ போட்டுருக்காள்ல. காச்சலும் இல்ல. மாமன் பொண்டாட்டி மடி என்ன, வேத்து மடியா?”

மாப்பிள்ளை என் மனைவியின் நெற்றியில் கருவியை வைத்தார். அது சத்தம் போடவில்லை. நான் வாங்கிவந்த புது வேட்டியை அவள் தன் மடியில் விரித்துக்கொண்டு, நான் தலையணையை வைத்து ஒத்திகை பார்த்ததுபோலவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒரு கிழவர், “மாமனுக்கு மீச எங்கன போச்சு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொல்லியிருக்க வேண்டிய நக்கல் அது. அதையும் வேறொருத்தர் எடுத்துக்கொண்டார்.

நான் தள்ளிப் போய் வேன் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் உட்கார்ந்தேன். நடுவில் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. பூசைக்காக வைத்த மைக் அங்கேயே, ஆசாரிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

திடீரென்று என் தலைக்கு மேலே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து பிள்ளையின் அழுகை வெடித்தது. பனைமரத்துக் காக்காய்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. பெட்டிக்குள் கிடந்தபோது அது அழுதால் வாய் திறப்பது மட்டும் தெரியும், எங்களுக்கு ஒன்றும் கேட்காது. இப்போது பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். இந்த நுரையீரலா தேறணும்?

“ஏப்பா செட்டு, சத்தத்தக் கொறைப்பா, காது போகுது” என்று யாரோ கத்தினார்கள்.

வலி இல்லாத கையால் வால்யூம் குமிழைப் பிடித்தேன். கொஞ்சம் கூட்டி வைத்தேன்.