டீ வாங்கப் போனவர்

ஞாயிறுதோறும் மயிலாப்பூரிலிருந்து பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்கு என்னை அழைத்துப்போகும் ஆட்டோக்காரர், கடைகள் வருமுன்பே தெருமுனையில் வண்டியை நிறுத்தி, பக்கக் கண்ணாடியை மடக்கிவிடுவார். நாற்பது வயது, மழித்த முகம், கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. மூன்றாவது கடையில் தனக்கும் அரைக் கிலோ சங்கரா வாங்கிவரச் சொல்வார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோதும் சொன்னார். விரதத்தில் மீன் எதற்கு என்று கேட்டேன்.

"துன்றதுக்கு இல்ல சார். அந்தக் கடைக்காரிய நான்தான் கட்டிக்க இருந்தேன். என் பைக்ல வரசொல்ல கவுந்துட்டோம். எனக்கு ஒரு கீறல் இல்ல, அதுக்குப் பாதி மூஞ்சி பூடுச்சு. ஆஸ்பத்திரில கட்டுப் பிரிச்ச அன்னிக்கு, டீ வாங்கியாறேன்னு வெளிய வந்தவன்தான்."

"அவங்களுக்குக் கல்யாணம்?"

"ஆவல. எனக்கும்தான்."

நான் பதிவுத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ திருமணங்களைப் பதிந்திருக்கிறேன்; அவை நிலைத்தனவா என்று பார்ப்பது எங்கள் துறையின் வேலையல்ல.

"அப்புறம் என்ன? நோட்டீஸ் கொடுக்கணும், மூணு சாட்சி வேணும். ஒரு சாட்சி நான். போய்ப் பேசுங்க," என்றேன்.

"திட்டும்னா இப்பவே போவேன் சார். அது திட்டாது. 'டீ எங்கய்யா?'ன்னு கேட்டு சிரிக்கும்."

பையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கடைக்குப் போனேன்.

"இன்னா நைனா, வாரா வாரம் தராசையே பாத்துகினு கீற? மூஞ்சப் பாரு, கடிக்காது," என்று அவள் சிரித்தாள்.

அவர் பயந்தது சரிதான். மீனை வாங்கிக்கொண்டு, நானும் தலை நிமிராமல் திரும்பினேன்.