பதில் வரும்வரை

தமிழ் படிக்க ஜெர்மனியிலிருந்து வந்து, பசுமலையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள் அந்தப் பெண். நெட்டை உருவம்; நிலைப்படியில் தினமும் நெற்றியை இடித்துக்கொள்வாள். வகுப்புக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மா, போயிட்டு வாரேன்" என்பாள். அடுப்படியிலிருந்து என் அம்மா "போயிட்டு வா தாயி" என்று சொல்லும்வரை, பஸ்ஸே போனாலும் நகரமாட்டாள்.

அம்மா திடீரென்று இறந்துபோனாள். காரியத்துக்கு முன்பே இவள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பெட்டியோடு வாசலுக்கு வந்தவளை அத்தை தடுத்தாள்.

"சாவு வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக்கூடாதும்மா."

தலையாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அடுப்படியையே பார்த்தபடி நின்றாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"போயிட்டு வா" என்று நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் அம்மாவின் குரல்தான் என்பார்கள்.